உடைந்தே இருக்க வேண்டிய கட்டில்கள்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என் அண்ணி முதலில் போய் நிற்பது அறிவிப்புப் பலகையின் முன்னால்தான். தபால் ஆபீஸ், வங்கி, மின்சார ஆபீஸ், பிள்ளையைச் சேர்க்கப் போன பள்ளிக்கூடம், எதுவானாலும் சரி. வந்த வேலையைக் கேட்பதற்கு முன்னால், பலகையில் குத்தியிருக்கும் தாள்களை மேலிருந்து கீழ்வரை படித்துவிடுவார். ஏலம், குழாய் வரி பாக்கி, காணாமல் போன மாடு என்று தனக்குச் சம்பந்தமே இல்லாததையும் விட மாட்டார். ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தியிருந்தால் மேல்தாளை விரலால் தூக்கி அடித்தாளையும் பார்ப்பார். "காணாமப் போனவங்க படத்துல நம்ம சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களான்னு தேடுறா" என்பான் அண்ணன். அண்ணி திரும்பிப் பார்க்காமலே, "உங்களத்தான் தேடுறேன், கூடவே வர்றீங்களே" என்பார்.

அண்ணி தேடியது ஒரே ஒரு தாளைத்தான். அவர் துணை நர்ஸ். பள்ளிக்கூடம் முடித்ததும் ஒன்றரை வருடம் படித்து, எங்கள் வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே வேலையில் சேர்ந்துவிட்டவர். துணை நர்ஸாக இருப்பவர்களைச் சம்பளத்தோடு பெரிய ஊர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி, இன்னும் ஒன்றரை வருடம் படிக்கவைத்து, மேற்பார்வை நர்ஸாகத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த அறிவிப்பு சில வருடம் வரும், சில வருடம் வராது. வந்தாலும் தலைமைச் சுகாதார நிலையத்துப் பலகையில் குத்துவதோடு சரி, எங்களைப் போன்ற கிளை நிலையங்களுக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஒரு முறை கடைசித் தேதி முடிந்த பிறகு அண்ணி அந்தத் தாளைப் பார்த்தார். வேறொரு தாளுக்கு அடியில் இருந்ததாம். அன்றிலிருந்து வந்த பழக்கம் இது.

நான் அண்ணியின் நிலையத்தில் கூட்டித் துடைக்கிறவள். கருவிகளை வேகவைத்து எடுப்பதும், துணி அலசுவதும், வருகிறவர்களை வரிசையில் உட்காரவைப்பதும் என் வேலை. அம்மா படுத்த படுக்கையானபோது எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். அம்மா போன பிறகு வீட்டில் சும்மா கிடந்த என்னை அண்ணிதான் இதில் சேர்த்துவிட்டார். வீட்டில் எனக்குப் பெயர் பூனை. நடப்பதும் காதில் விழாது, பேசுவதும் காதில் விழாது என்று அண்ணன் வைத்தது.

நிலையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பெஞ்சு போட்ட முன்னறை, அதற்குப் பின்னால் பிரசவ அறை, பக்கத்தில் மருந்து அலமாரி வைத்த சின்ன அறை, கடைசியில் பூட்டியே கிடக்கும் பின்னறை. சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அதுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் தலைமை நிலையத்தில் இருக்கிறார், வாரத்தில் ஒரு நாள் வருவார் என்று சுவரில் எழுதியிருக்கிறது. எழுதிய பெயின்ட் மட்டும் தவறாமல் இருக்கிறது. மற்றபடி காய்ச்சல், வெட்டுக்காயம், தடுப்பூசி, பிரசவம், மாமியார் மருமகள் சண்டை, எல்லாவற்றுக்கும் அண்ணிதான்.

பயிற்சி கிடைக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. இரண்டு நாள் பயிற்சி, ஒரு நாள் பயிற்சி என்று மாதம் தவறாமல் ஓலை வரும். எந்தத் துறைக்கோ வந்த பணம் வருடம் முடிவதற்குள் செலவாக வேண்டும். அதற்கு மண்டபத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணி போய் உட்கார்ந்துவிட்டு, ஒரு பையும் பேனாவும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு வருவார். கை கழுவுவது எப்படி என்பதற்கே பல தடவை போய்விட்டார். ஒரு தடவை திரும்பி வந்து பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கை கழுவ எல்லாம் சொல்லிக் குடுத்துட்டாங்க. இனி தண்ணி மட்டும்தான் வரணும்." அந்த வாரம் எங்கள் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. அந்தப் பைகளில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் வெங்காயம் தொங்குகிறது. இவ்வளவு சான்றிதழ் வாங்கியும் அண்ணியின் பதவி ஒரு படி ஏறவில்லை. அதற்கு அந்த ஒன்றரை வருடப் படிப்பு ஒன்றுதான் வழி.

உதவிப் பணத்தின் கதையும் இதேதான். சில வருடங்களுக்கு முன்னால் நகரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்று, குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் கருவி ஒன்றைக் கொடுத்தது. மேலே விளக்குப் போல எரியும், கீழே குழந்தையைப் படுக்கவைக்கலாம். நாலு கார்களில் வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், அண்ணியை நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். குளிர்மாதத்தில் பிறந்த குழந்தைகள் சில அதனால்தான் பிழைத்தன. பிறகு ஒரு நாள் அதன் விளக்கு போய்விட்டது. நிறுவனத்துக்கு எழுதினால், புதிதாக வாங்கித் தருவதற்குத்தான் தங்களிடம் நிதி இருக்கிறது, பழுது பார்ப்பதற்கு இல்லை என்றார்கள். தலைமை நிலையத்தில் கேட்டால், நன்கொடையாக வந்த பொருளுக்கு நாங்கள் எப்படிச் செலவு செய்வது என்றார்கள். அரசு ஒன்று சொல்ல, தருமவான் ஒன்று சொல்ல, கருவி பின்னறைக்குப் போனது.

அந்தப் பின்னறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நிலையத்தில் உடைந்தது எதையும் வெளியே போட அனுமதி கிடையாது. ஒவ்வொரு கட்டிலிலும் நாற்காலியிலும் தராசிலும் சிவப்பு பெயின்டில் ஓர் எண் எழுதியிருக்கும். வாங்கிய வருடம், எந்தத் திட்டத்துப் பணம், எத்தனையாவது பொருள் என்பதெல்லாம் அதில் அடக்கம். பொருள் உடைந்தால் மேலே எழுதிப் போட வேண்டும். அங்கிருந்து குழு வந்து பார்த்து, இனி இது உதவாது என்று முடிவெடுக்க வேண்டும். அதைக் கண்டம் பண்ணுவது என்பார்கள். கண்டம் பண்ணினால்தான் பழையது வெளியே போகும், புதியதற்குப் பணம் வரும். குழு ஒரே ஒரு முறை வந்து, எட்டிப் பார்த்து, எழுதிக்கொண்டு போனது. உத்தரவு வரவில்லை. அதுவரை உடைந்தது உடைந்தபடி, எண் தெரிகிற மாதிரி, பின்னறையில் இருக்க வேண்டும். கால் ஒடிந்த மூன்று கட்டில், பின்னல் கிழிந்த நாற்காலிகள், ஓடாத குளிர்சாதனப் பெட்டி, முள் சிக்கிய தராசு, விளக்குப் போன கருவி. நான் தூசி தட்டப் போகும்போதெல்லாம் அவை மருந்துக்கு வந்து காத்திருக்கும் கிழவர்களைப் போல இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தாள் வந்தது. அண்ணி தலைமை நிலையத்துக்கு மாத்திரை வாங்கப் போனவர், மாத்திரை வாங்காமலே திரும்பி வந்தார். வயது வரம்பு நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது. அண்ணிக்கு அடுத்த வருடம் அது தாண்டிவிடும். இந்த முறை விட்டால் இல்லை. விண்ணப்பம் போட்டார். பணிமூப்பு வரிசையில் அண்ணிக்கு இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்று அண்ணன் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, "மேற்பார்வை நர்ஸம்மாவுக்கு வணக்கம்" என்று வாசலில் நின்று கும்பிட்டான். "ஒன்னரை வருஷம் சோறு யாரு போடுவா உங்களுக்கு?" என்று அண்ணி கேட்க, "பூனை போடும், பூனைக்கு நான் போடுறேன்" என்றான். அண்ணி அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சேர வேண்டிய தேதி நெருங்கியது. போவதற்கு முன் ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. அண்ணி நிலையத்தின் பொறுப்பை இன்னொரு நர்ஸிடம் ஒப்படைக்க வேண்டும். பக்கத்து நிலையத்து நர்ஸைக் கூடுதல் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். அவரை எல்லாரும் கணக்கம்மா என்பார்கள். பஞ்சைக்கூட எண்ணி வாங்குவார் என்று பேச்சு. அவர் வந்து, பொருள்களைப் பார்த்து, எண்களைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டால் அண்ணி கிளம்பலாம்.

அந்த வாரம் பார்த்து அண்ணிக்கு மறுபடி ஓர் இரண்டு நாள் பயிற்சி. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று. போகாவிட்டால் விளக்கம் கேட்பார்கள், படிப்புக்குப் போகிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்று போனார்.

என் அண்ணன் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன். கெட்டுப்போன எதைக் கண்டாலும் கை சும்மா இராது. வருகிற நர்ஸ் பார்க்கும்போது நிலையம் பளிச்சென்று இருக்க வேண்டும், அண்ணி திரும்பி வந்ததும் மலைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கடைக்கு லீவு விட்டுவிட்டு, வெல்டிங் போடும் நண்பனைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் சாவி கேட்டான், கொடுத்தேன். அந்த இரண்டு நாளும் சத்தத்திலேயே போனது. கட்டில்களுக்குக் கால் வைத்துப் பற்றவைத்தார்கள். நாற்காலிகளுக்கு நைலான் பின்னினார்கள். தராசின் முள்ளைப் பிரித்து எடுத்து எண்ணெய் விட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் அண்ணன் மண்டியிட்டுக் கிடந்தான், கடைசியில் அது முனகிக்கொண்டு ஓடியது. அந்தக் குழந்தைக் கருவிக்கு எங்கோ அலைந்து ஒரு விளக்கு வாங்கி வந்து மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் விழுந்தது. அண்ணன் அதன் கீழே தன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் ஒரு பெருமை. பிறகு எல்லாவற்றையும் துரு போகத் தேய்த்து, கட்டிலுக்கு வெள்ளை, நாற்காலிக்கு நீலம், பெட்டிக்குச் சாம்பல் என்று பெயின்ட் அடித்தான். நான் ஜன்னல்களைக் கழுவினேன். பின்னறை ஒரு வார்டு போல ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணி பையோடு வந்தார். அண்ணன் அவர் கண்ணைப் பொத்தாத குறையாகப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அண்ணி வாசற்படியில் நின்றார். முதலில் கருவியின் வெளிச்சத்தைப் பார்த்தார். அப்புறம் பக்கத்திலிருந்த கட்டிலின் தலைமாட்டைக் குனிந்து பார்த்தார். நாற்காலி ஒன்றைத் திருப்பி முதுகைப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பினார். பெட்டியின் பக்கவாட்டைத் தடவினார். பெயின்ட் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது.

"நம்பர் எங்கங்க?" என்றார்.

அண்ணனுக்குப் புரியவில்லை. எந்த நம்பர் என்றான். அந்தச் சிவப்பு எண் என்றதும், ஓ அதுவா, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் போய்விட்டது, அசிங்கமாக இருந்தது என்றான். வேண்டுமானால் எழுதித் தருகிறேன், சிவப்பு பெயின்ட் கால் டப்பா மிச்சம் இருக்கிறது என்றான். அண்ணி அங்கேயே, பெயின்ட் காயாத நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சேலையில் நீலம் ஒட்டியதை அவர் கவனிக்கவில்லை.

கணக்கம்மா சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்தார். மருந்து அலமாரியைச் சரிபார்த்தார், எல்லாம் சரி. கத்திரி, இடுக்கி, தட்டு, எல்லாம் சரி. பின்னறைக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உடைந்த கட்டில் மூன்று என்று பதிவில் இருக்கிறது, உடைந்த கட்டில் எங்கே என்றார். அண்ணி காட்டினார். அவர் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. ஓடாத குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததை அண்ணி மறைக்காமல் சொன்னார். கணக்கம்மா கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நல்லா பண்ணியிருக்காருக்கா உங்க வீட்டுக்காரர். ஆனா இது அந்தக் கட்டில்தான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? பழச வித்துட்டு வேற எதையோ வச்சிருக்காங்கன்னு நாளைக்கு ஒருத்தன் எழுதினா?"

அண்ணி கெஞ்சினார். எண்களை நானே எழுதித் தருகிறேன், எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று எனக்குத் தெரியும் என்றார். கணக்கம்மா தலையை ஆட்டினார். சிவப்பு எண் எழுத ஸ்டோர்காரருக்கு மட்டும்தான் அதிகாரம், நாம் எழுதினால் அது வேறு குற்றம் என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார். வேலைக்கு வந்த புதிதில் ஒரு நிலையத்தை அவசரத்தில் பார்க்காமல் ஏற்றுக்கொண்டாராம். அங்கே கருவி வேகவைக்கும் பெரிய பாத்திரம் ஒன்று கணக்கில் இருந்தது, பொருளைக் காணோம்.

"அந்தப் பாத்திரத்த நான் கண்ணால பார்த்ததில்லக்கா. என் பொண்ணு பள்ளிக்கூடம் சேர்ந்தப்ப சம்பளத்துல பிடிக்க ஆரம்பிச்சாங்க, அவ வயசுக்கு வர்ற வரைக்கும் பிடிச்சாங்க. என்னைக் கணக்கம்மான்னு சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். சும்மா ஆகல."

அதற்கு மேல் அண்ணியும் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஸ்டோர்காரரை வரவழைத்து எண் போட்டுவிட்டால் அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி தலைமை நிலையத்துக்குப் போனார், ஸ்டோர்காரர் அங்கே இருந்தார். ஆனால் ஆண்டுத் தணிக்கை நடக்கிறது, முடிகிற வரை நகர முடியாது என்றார். அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசு, வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பொறுப்பு ஒப்படைக்காமல் உங்களை விடுவித்தால் நான் மாட்டிக்கொள்வேன் அக்கா, மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள் என்றார். போனில் கேட்க முடியாதா என்று அண்ணி கேட்டார். போனில் சொன்னால் அப்படிச் சொல்லவே இல்லை என்பார்கள் என்றார் டாக்டரம்மா. சில மாதத்தில் அவ்வளவு கற்றிருந்தார்.

மேலிடத்துக்கு நானும் துணைக்குப் போனேன். அண்ணன் வருகிறேன் என்றான், அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். பெரிய கட்டடம். நீளமான வராந்தா. அண்ணி அங்கேயும் பலகையின் முன்னால் போய் நின்றார். படிப்புக்குத் தேர்வானவர்களின் பெயர்கள் கண்ணாடிக்குள் ஒட்டியிருந்தன. அண்ணியின் பெயரும் இருந்தது. அவர் கண்ணாடி மேல் விரலை வைத்துக் காட்டினார். நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினேன்.

அதிகாரி எங்களை மதியத்துக்கு மேல்தான் கூப்பிட்டார். நான் கதவோரம் நின்றுகொண்டேன். அண்ணி சொல்லி முடிக்கும் வரை அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"ரிப்பேர் பண்ணச் சொல்லி யாரும்மா உத்தரவு போட்டது?"

யாரும் போடவில்லை, என் வீட்டுக்காரர் ஆசையாகச் செய்துவிட்டார் என்றார் அண்ணி. செலவு ஒன்றும் நிலையத்துப் பணம் இல்லை என்றார்.

"அது இன்னும் மோசம். அரசாங்கச் சொத்துல வெளியாள் கை வச்சிருக்காரு. இந்தக் கட்டில் மூணும் உடைஞ்சதுன்னு சொல்லித்தான் உங்களுக்குப் புதுக் கட்டில் கேட்டு எழுதியிருக்கோம். இப்ப உடையலன்னா நாங்க பொய் சொன்ன மாதிரி ஆகுதே. புரியுதா?"

அண்ணி சேருகிற தேதியை மட்டும் சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. அவரும் யோசித்தார். நடந்ததை எழுத்தில் விளக்கமாகக் கொடுங்கள், மேலே அனுப்பி வைக்கிறேன், பதில் வந்ததும் விடுவித்துவிடலாம் என்றார். அண்ணி அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த பிறகுதான் அங்கிருந்த பியூன் எங்களிடம் மெதுவாகச் சொன்னார், விளக்கம் கொடுத்தவர் மேல் முடிவு வரும் வரை எந்தப் படிப்புக்கும் அனுப்ப மாட்டார்களே அம்மா, இது தெரியாதா என்று.

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். எங்கள் நிறுத்தம் வந்ததும் நான்தான் தோளைத் தொட்டேன்.

அடுத்த சில நாள்கள் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அண்ணன் ஸ்டோர்காரர் வீட்டுக்கே போனான். வண்டியில் கூட்டிப் போய் வண்டியிலேயே கொண்டுவந்து விடுகிறேன், ஒரு மணி நேர வேலை என்று கேட்டுப் பார்த்தான். விளக்கம் கேட்டிருக்கிற பொருளை இப்போது தொட முடியாது, முன்பே வந்திருந்தால் தணிக்கையை விட்டுக்கூட வந்திருப்பேன் என்றாராம் அவர். முன்பே வந்தபோது தணிக்கை என்றார்கள், இப்போது விளக்கம் என்கிறார்கள் என்று அண்ணன் செருப்பைக் கழற்றி வீசினான்.

"ரிப்பேர் பண்றது என் தொழில். ரிப்பேர் பண்ணா குத்தம்னு இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்."

அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார். "ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான் சண்டை. அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனான். அண்ணி அவன் தட்டை மூடி வைத்தார். மூடியதை மறுபடி திறந்து, இன்னும் கொஞ்சம் சோறு போட்டு மூடினார்.

சேர வேண்டிய நாள் ஒரு திங்கட்கிழமை. அண்ணி வழக்கம் போல நிலையத்துக்கு வந்தார். தடுப்பூசி நாள், பெஞ்சு நிறைய அம்மாக்கள். ஒவ்வொரு குழந்தையையும் எடை பார்த்து, ஊசி போட்டு, அழுததைச் சமாதானம் செய்து அனுப்பினார். இடையில் பயிற்சிப் பள்ளியிலிருந்து போன் வந்தது. வருவீர்களா மாட்டீர்களா, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். அண்ணி ஒரு வாரம் அவகாசம் கேட்டார். இல்லை என்றார்கள். "சரிம்மா, அவங்களக் கூப்பிடுங்க" என்றார். போனை வைத்துவிட்டு, அடுத்த குழந்தையின் தொடையில் பஞ்சை வைத்துத் துடைத்தார். ஊசியை எடுக்காமல் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தார். குழந்தையின் அம்மா, எவ்வளவு சுத்தம் பார்க்கிறார் பாருங்கள் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்து ஸ்டோர்காரர் ஒரு லாரியோடு வந்தார். பல வருடமாக வராத கண்டம் உத்தரவு வந்துவிட்டது. உடைந்த கட்டில் மூன்று, நாற்காலிகள், ஓடாத பெட்டி, தராசு, எரியாத குழந்தைக் கருவி, எல்லாவற்றையும் ஏலத்துக்கு எடுத்து வரச் சொல்லி உத்தரவு. அதற்காக முதலில் சிவப்பு பெயின்டில் எண் போட்டார். எந்தக் கட்டிலுக்கு எந்த எண் என்று அண்ணியைக் கேட்டுத்தான் போட்டார். நாங்கள் கேட்டது இதைத்தான். பெயின்ட் காய்வதற்குள் ஏற்றத் தொடங்கினார்கள்.

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அண்ணி ஒன்றும் பேசவில்லை. கருவியைத் தூக்கும்போது மட்டும் குறுக்கே வந்து நின்றார். இது நன்றாக வேலை செய்கிறது, போன வாரம்கூட ஒரு குறைமாதக் குழந்தையை இதில்தான் வைத்திருந்தேன் என்றார். சுவிட்சைப் போட்டும் காட்டினார். ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. ஸ்டோர்காரர் குனிந்து பார்த்தார். தூக்க வந்த ஆட்களும் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் எரியுது" என்றார் அவர். "ஆனா எரியாததுன்னு உத்தரவு வந்திருக்கேம்மா. இத விட்டுட்டுப் போனா, வேற ஒண்ண நான் எங்கேயிருந்து கொண்டு போய்க் குடுப்பேன்?"

அண்ணி சுவிட்சை அணைத்தார். சூடு ஆறட்டும், இல்லாவிட்டால் விளக்கு போய்விடும் என்று சொல்லி அவர்களைக் கொஞ்ச நேரம் காக்கவைத்தார். ஆறியதும் கம்பியைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, தானே லாரி வரை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்.

அண்ணனுக்கு அன்று சாயங்காலம் நான்தான் சொன்னேன். மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். கையை நிறுத்தவில்லை. ஏலம் எங்கே நடக்கிறது என்று மட்டும் கேட்டான். போய்ப் பார்த்தும் வந்தான். எல்லாம் மொத்தமாகப் பழைய இரும்பு எடைக்குப் போயிருந்தது.

விளக்கத்துக்குப் பதிலும் வந்தது. தவறு ஏதும் இல்லை, எதிர்காலத்தில் கவனமாக இருக்கவும் என்று இரண்டு வரி. அது வந்தபோது அண்ணியின் நாற்பத்தைந்தாவது பிறந்தநாள் முடிந்திருந்தது.

அண்ணி இப்போதும் அதே நிலையத்தில் துணை நர்ஸ்தான். ஓய்வு பெறும் வரை அதேதான். அவர் இடத்தில் போன பெண் படித்து முடித்து, மேற்பார்வை நர்ஸாக மாதத்துக்கு ஒரு முறை எங்கள் நிலையத்தைப் பார்வையிட வருகிறார், அண்ணியைவிட ஒன்பது வயது சின்னவர், மரியாதையாகத்தான் பேசுகிறார். கேட்டிருந்த புதுக் கட்டில்கள் இன்னும் வரவில்லை. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, கிடைக்கிற வண்டியில் தலைமை நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.